விலை எழுதாத ஏழு சங்குகள்

மகளே,

பெட்டியைப் பற்றிக் கேட்டு நீ எழுதிய கடிதம் கிடைத்து இன்றோடு ஐந்து கிழமைகள் ஆகின்றன. இடையில் உனக்கு இரண்டு தபாலட்டைகள் அனுப்பினேன். இரண்டிலும் மழையைப் பற்றியும் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றியும் எழுதினேனே தவிர, நீ கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்லும் சாட்சிகளை முப்பது வருடங்களாகக் குறுக்கு விசாரணை செய்து வந்தவன் நான். அந்தத் தபாலட்டைகளை நீ எப்படி வாசித்திருப்பாய் என்பது எனக்குத் தெரியும். உன் வருங்கால மாமியார் உன்னை அருகில் இருத்தி, "உங்கட வீட்டில ஏழு வலம்புரி இருக்குதாமே பிள்ளை, ஒண்டையாவது மணவறையில கொண்டுவந்து வைக்கச் சொல்லும்" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். ஒன்றென்ன, பெட்டியை முழுவதுமாகவே சீதன உறுதிப் பத்திரத்தில் உன் பேருக்கு எழுத எனக்கு மனம் வருமா என்றும் கேட்டிருந்தாய்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியை உனக்குத் தர என்னால் முடியாது, ஏனெனில் அது என்னுடையதல்ல. அதில் பாதி உன் பூமணி மாமிக்கு உரியது. என் ஒரே தங்கைக்கு உரியதை மறைத்து, இருபத்தேழு வருடங்களாக நீதிமன்றக் கோவை ஒன்றில் ஒரு பொய்யை இருக்க விட்டிருக்கிறேன். மாமி ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று நீ சிறுமியாக இருந்தபோது கேட்டாய். காணிப் பிரச்சினை என்று சொன்னேன். காணிப் பிரச்சினை எதுவும் இருக்கவில்லை. இப்போது அந்தப் பொய்யை நானே நீதிமன்றத்தில் திறந்துவிட்டேன். இந்தச் செய்தி கொழும்பில் உன் வருங்கால மாமியார் வீடு இருக்கும் வெள்ளவத்தைக்கும் வந்து சேரும். உன் கலியாணம் நடப்பதும் நடவாததும் அதில் தங்கியிருக்கக்கூடும். ஆகவே நடந்ததை ஒழுங்காக, ஒன்றையும் விடாமல் உனக்குச் சொல்ல வேண்டியவனாகிறேன்.

நீ அந்தப் பெட்டியை மூன்று நான்கு தடவைக்கு மேல் கண்டிருக்க மாட்டாய். உன் அப்பப்பா, என் ஐயா, துறைமுகத் தெருவில் சங்குக் கிட்டங்கி வைத்திருந்தவர். சுழியோடிகள் கடலில் மூழ்கி எடுத்துக் கொண்டுவரும் சங்குகளை வாங்கி, தரம் பிரித்து, வளையல் அறுப்பதற்காகக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றுவது அவர் தொழில். சாக்குச் சாக்காக வருவதெல்லாம் இடம்புரி. எப்போதாவது ஒன்று, கடலின் போக்குக்கு மாறாகப் பிறந்ததுபோல, வலப்பக்கம் சுழித்திருக்கும். நாற்பது வருடத் தொழிலில் அப்படிக் கிடைத்தவற்றுள் ஏழு சங்குகளை அவர் விற்காமல் அந்தத் தேக்குப் பெட்டியில் தமக்கென வைத்துக்கொண்டார். சாதாரணச் சங்குக்குச் சால்வையின் கீழே விரல் பிடித்து விலை பேசுவார்கள். வலம்புரிக்கு அதுவும் இல்லை. வாங்குபவனும் விற்பவனும் வாயாலோ விரலாலோ ஒரு தொகையைச் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தச் சங்கு எந்த வீட்டிலும் நிலைத்து நிற்காது என்பது இந்தத் துறைமுகத்தாரின் நம்பிக்கை. ஏழாவது சங்கு வந்த அன்று நான் சட்டக் கல்லூரி விடுமுறையில் கிட்டங்கியில் இருந்தேன். கொண்டுவந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த மீராசா என்ற சுழியோடி.

"முதலாளி, இது அல்லா தந்தது. நான் விலை சொல்ல மாட்டன், நீங்களும் சொல்லாதீங்க. பாத்துச் செய்யுங்க" என்றார் அவர்.

"பாத்துத்தான் செய்வன். உனக்கு எத்தின குமர் இருக்குது?"

"ரெண்டு."

ஐயா உள்ளே போய், ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். "ரெண்டையும் கரையேத்தக் காணுமோ எண்டு வீட்டில போய் அவிட்டுப் பார். காணாட்டி வா."

"காணாட்டி வருவன் முதலாளி. கூடிப்போச்செண்டா வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு மீராசா சிரித்துக்கொண்டே படியிறங்கினார். அவர் திரும்பி வரவில்லை.

இந்த வழக்கம் அழகானதுதான். இரண்டு நேர்மையான மனிதருக்கிடையே அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஒருவர் இறந்த பிறகு அவருடைய உடைமையைப் பிரிப்பதற்கு அது உதவாது என்பதை, சட்டம் படித்த நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சுதந்திரம் கிடைத்த அடுத்த மாரியில் ஐயா காலமானார். அவருடைய மரணசாதனம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது: வீடு எனக்கு, கிட்டங்கியும் அது நிற்கும் காணியும் பூமணிக்கு, அசையும் பொருள்கள் யாவும் இருவருக்கும் சமபங்கு. நிறைவேற்றுநர் நான். இறந்தவர் விட்டுச்சென்ற ஒவ்வொரு பொருளையும் அதன் பெறுமதியுடன் பட்டியலிட்டு, அது முழுமையானது, உண்மையானது என்று சத்தியக் கடதாசி முடித்து நீதிமன்றத்தில் கொடுப்பது நிறைவேற்றுநரின் முதற்கடமை. சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினேன். கதிரைகள், தராசுகள், இரண்டு அலுமாரிகள், ஒரு மணிக்கூடு. பெட்டியின் முறை வந்தபோது பூமணி எதிரே இருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இறக்கக்கண்டியில் கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகவில்லை.

"அதுக்கு என்ன எழுதப் போறீங்கள்?"

"பெறுமதி எழுத வேணும்."

"சங்குக்கோ? ஐயா வாயால சொல்லாததை நீங்கள் கோட்டில எழுதப் போறீங்களோ?"

"எழுதாட்டி அது பட்டியலில வராது, பூமணி."

"வராட்டி என்ன? எங்கட வீட்டுச் சாமான் எங்களுக்குத் தெரியாதே? நீங்களே வைச்சிருங்கோ அண்ணா. எனக்கு வேணுமெண்டாக் கேப்பன்தானே."

நான் எழுதவில்லை. தங்கையின் நம்பிக்கைக்கு மதிப்பளித்தேன் என்று பல வருடங்கள் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையல்ல. அந்த ஏழு சங்குகளையும் பட்டியலில் சேர்த்தால் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய மரணத் தீர்வை எவ்வளவு ஏறும் என்பதும் பேனையைப் பிடித்த கையில் இருந்தது. அவள் பக்தியால் சொன்னாள். நான் என் வசதிக்காகக் கேட்டுக்கொண்டேன். மறுநாள் நீதிமன்றத்தில், "இது முழுமையான பட்டியல்" என்ற வாசகத்தின் கீழ் சத்தியம் செய்து கையெழுத்திட்டேன். வழக்குப் பேசுவதில் மூன்று வருட அனுபவம் மட்டுமே உள்ள பிரக்கிராசியின் கையெழுத்து. ஆனாலும் மிகவும் தெளிவான கையெழுத்து.

உன் வருங்கால மாமனார் முத்திரை சேர்ப்பவர் என்று முன்பொரு கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்த வீட்டில் உனக்குப் பேசும் உரிமை வந்த பிறகு, அவர் சுகமாக இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருந்து கேள்: இது எங்கே கிடைத்தது, யார் தந்தது, எந்த முத்திரை ஆல்பத்தைவிட்டுத் தனியே நின்றால் பெறுமதி இழக்கும், எதைப் பிரித்தால் பாதகமில்லை. அவர் சொல்வதை நீ எழுது; திகதியிட்டு அவர் கையெழுத்தை வாங்கு. பெறுமதி தெரிந்த, ஆனால் அந்தக் குடும்பத்தில் பங்கில்லாத ஒருவரைக் கொண்டு மதிப்பிடச் செய். பிள்ளைகளில் யாருக்கு அது உண்மையில் வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்கச் சொல். ஒருவருக்கும் வேண்டாமென்றால் அவர் காலத்திலேயே விற்கட்டும். சேர்த்தவனைவிட நல்ல விலைக்கு விற்கக்கூடியவன் வேறில்லை. மற்றொன்றை மிக அழுத்தமாகச் சொல்கிறேன்: பங்குக்காரன் ஒருவனையே காவற்காரனாகவும் வைக்க வேண்டாம். காவல் காப்பவனுக்கு நாளடைவில் தான் காப்பது தன்னுடையது என்ற எண்ணம் வந்துவிடும். அதைவிட மோசம், அவனால் அதை விட்டு நகர முடியாமலும் போய்விடும்.

எனக்கு அதுதான் நேர்ந்தது. பெட்டியை வங்கிப் பெட்டகத்தில் வைக்கப் போனேன். முகாமையாளர் விபரமும் பெறுமதியும் எழுதித் தரச் சொன்னார். திரும்பிவிட்டேன். காப்புறுதி செய்ய முடியவில்லை, அதே காரணம். நீ பிறந்த வருடம் எனக்கு நீதவான் பதவி தருவதாகக் கேட்டார்கள். வெளியூருக்கு மாற வேண்டும், வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். சம்பளம் காணாது என்று அம்மாவிடம் சொல்லி மறுத்தேன். நல்லூர்த் திருவிழாவுக்கு நீங்கள் இருவரும் ஒவ்வொரு வருடமும் போனீர்கள். நான் ஒரு வருடமும் வரவில்லை. "அப்பாவுக்கு வழக்கு" என்று நீ உன் சிநேகிதிகளிடம் சொல்லப் பழகிக்கொண்டாய். அந்த ஆவணி நாட்களில் எனக்கு வழக்கு எதுவும் இருக்கவில்லை. பின்னறையில், அலுமாரிக்கு முன்னால், கதிரை போட்டு இருந்தேன். சங்குகளை எடுத்துப் பார்க்கவும் இல்லை.

சூறாவளி வந்தபோது உனக்குப் பதினொரு வயது. பொழுதுபட முன்னர் தெருவில் இருந்த எல்லோரும் பாடசாலை மண்டபத்துக்குப் போனோம். காற்று ஊளையிடத் தொடங்கியதும் நான் எழுந்தேன். நீ என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாய். உன் பிடியை விரல் விரலாகக் கழற்றிவிட்டு வெளியே போனேன். விடிந்த பிறகு, இந்தத் தெருவில் ஓடுகள் இல்லாத கூரைகளைக் கடந்து நடந்து நான் திரும்பி வந்ததும், "அப்பா ஏன் போனவர்?" என்று நீ அம்மாவிடம் கேட்டாய். அவள், "ஊராற்ர உறுதியளைக் காப்பாத்தப் போனவர்" என்றாள். அவள் அப்படித்தான் நம்பினாள். அந்தக் கதை ஊரில் பரவி, எனக்குப் புதிய கட்சிக்காரர்களைக் கொண்டுவந்தது. ஊராரின் காணி உறுதிப் பத்திரங்கள் நான் தொழில் செய்யும் கந்தோரில் இருந்தன. அந்தக் கந்தோர்ப் பக்கம் நான் போகவே இல்லை. பல உறுதிகள் நனைந்து மை கரைந்துவிட்டன. நான் அந்தக் காற்று முழுவதும் சாப்பாட்டு மேசைக்குக் கீழே, தேக்குப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி கிடந்தேன். என் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று அப்போது நினைத்தேனா என்று நீ கேட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், நினைத்தேன். நினைத்தும் எழுந்து வரவில்லை.

அதே சூறாவளி இறக்கக்கண்டியில் பூமணியின் வீட்டைச் சுவரோடு கொண்டுபோனது. கிட்டங்கிக் காணியை விற்று அவள் புருஷன் வாங்கியிருந்த வள்ளமும் போனது. இரண்டு மாதங்களின் பின் ஒரு காலைப்பொழுதில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். பின்னறையில், அலுமாரியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நான் இருந்தேன்.

"அண்ணா, வேணுமெண்டாக் கேப்பன் எண்டு சொன்னனான். இப்ப கேக்கிறன்" என்றாள்.

நான் கதிரையை அலுமாரிப் பக்கமாக நகர்த்தினேன்.

"கணக்குப் பாத்தா மூண்டரை வரும். மூண்டைத் தாங்கோ, காணும். அரையை நீங்களே வைச்சிருங்கோ." அந்த நிலையிலும் அவளுக்குப் பகிடி வந்தது.

மூன்றைக் கொடுத்தால் அவள் விற்பாள். வாங்குகிறவன் எங்கிருந்து வந்தது என்று கேட்பான். ஐயாவின் முதுசம் என்று அவள் சொல்வாள். முதுசமென்றால் பட்டியலில் ஏன் இல்லை என்று யாராவது ஒருவன் கேட்பான். இந்தச் சிறிய பட்டினத்தில் அப்படிக் கேட்கக்கூடிய இரண்டு பிரக்கிராசிகள் எனக்கு எதிராக எப்போதும் இருந்தார்கள். என் சத்தியக் கடதாசி பொய்யாகும். உறுதிகளை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசுப் பதவி போகும். இவ்வளவையும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் எண்ணி முடித்தேன். எண்ணி முடித்து, கட்சிக்காரரிடம் பேசும் குரலில் சொன்னேன்:

"ஐயாவின்ர மரணசாதன வழக்கு முடிஞ்சுது, பூமணி. பட்டியலில சங்கெண்டு ஒரு சாமான் இல்லை."

"பட்டியலில இல்லாத சாமான் உங்கட அலுமாரிக்குள்ள எப்பிடி அண்ணா இருக்குது?"

"அலுமாரிக்குள்ளயும் இல்லை."

அவள் எழுந்தாள். குடையை எடுத்துக்கொண்டாள். "அப்ப ஐயா எனக்கு ஒண்டும் வைக்கேல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் கிடுகு வேய்ந்த வீட்டிலேயே இருக்கிறாள். அவள் புருஷன் மற்றவனுடைய வள்ளத்தில் கூலிக்குப் போகிறார்.

மகளே, ஒரு பிழையான கடதாசி அலுமாரித் தட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நான் முதலில் அந்தக் கடதாசியை எழுதினேன். பிறகு அதை நம்புவதாக நடித்தேன். கடைசியில், அப்படி எழுதச் சம்மதித்த அதே தங்கைக்கு எதிராக அதையே சான்றாகக் காட்டினேன். ஒவ்வொரு படியும் முன்னைய படியிலிருந்து நியாயமாகவே வந்தது. எங்கேயும் நான் தவறி விழவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் கடிதம் வந்தபோது அடுத்த படியும் ஆயத்தமாக இருந்தது: பெட்டியைச் சீதன உறுதியில் எழுதி, என் கையாலேயே அத்தாட்சிப்படுத்தி, உன் பேரில் ஏற்றிவிடலாம். என் பொய் உனக்கு உரித்தாகியிருக்கும். ஒருநாள் உன் பிள்ளைகள் அதற்கு முன்னால் கதிரை போட்டு இருந்திருப்பார்கள்.

உன் கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் இறக்கக்கண்டிக்குப் போனேன். பூமணி முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. பெட்டியைத் திறந்து காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, தொடாமல், குனிந்து எண்ணினாள்.

"ஏழும் இருக்குது. இப்ப என்னத்துக்குக் கொண்டு வந்தனீங்கள்?"

"உன்ர பங்கு."

"மகளின்ர கலியாணத்துக்கு முதல் பாவம் கழுவ வந்தனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"இஞ்ச பாருங்கோ அண்ணா. கையில தந்தா அது நீங்கள் எனக்குத் தாற தானம். கோட்டில எழுதித் தந்தா அது என்ர ஐயா எனக்குத் தந்தது. எனக்குத் தானம் வேண்டாம்."

"எழுதினா நான் பொய்ச் சத்தியம் செய்தவன் எண்டு வரும், பூமணி."

"செய்தனீங்கள்தானே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு மீனைப் புரட்டிப் போடத் தொடங்கினாள். விலை எழுதக் கூடாது என்று இதே பெண்தான் ஒருநாள் சொன்னாள் என்பதை நினைவூட்ட என் நாக்கு எழுந்தது. நல்லவேளை, எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸை மறித்தார்கள். அரிசித் தட்டுப்பாட்டினால் இப்போது யாராவது அரிசி கொண்டுபோகிறார்களா என்று பை, சாக்கு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். பொலிஸ்காரர் என் மடியிலிருந்த பெட்டியைக் காட்டி, "மாத்தயா, இதில அரிசியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப என்ன?" என்றார். இருபத்தேழு வருடங்களில் என்னிடம் நேராகக் கேட்கப்பட்ட மிக எளிய கேள்வி அது. சங்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாயில் வரவில்லை. பஸ் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த மீன்காரப் பெண், "சாமிப் பெட்டி போலக் கிடக்குது, அந்த மனிசனை விடுங்கோ" என்றாள். பொலிஸ்காரர் தலையசைத்துவிட்டு இறங்கினார். அந்தப் பெண்ணின் பொய்யையும் நான் திருத்தவில்லை. அரிசி கடத்துகிறவன்கூடத் தான் கொண்டுபோவது அரிசி என்பதைத் தனக்குள்ளேயாவது ஒப்புக்கொள்வான் என்று நினைத்தபடி பட்டினம் வந்து சேர்ந்தேன்.

அந்தக் கிழமையே புதிய சத்தியக் கடதாசியை எழுதினேன். முதல் வரைவில் "கவனக்குறைவினால் விடுபட்டுவிட்டது" என்று எழுதியிருந்தேன். பழகிய கை அப்படித்தான் எழுதும். வெட்டிவிட்டு, "தெரிந்தே விடப்பட்டது" என்று எழுதினேன். பூமணி வந்து கேட்ட நாளையும், நான் சொன்ன பதிலையும் சேர்த்தேன். என் வயதில் பாதியைச் சற்றே தாண்டிய நீதிபதி அதை இருமுறை வாசித்துவிட்டு, "இதன் விளைவுகள் உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார். தெரியும் என்றேன். பெட்டி இப்போது நீதிமன்றப் பாதுகாப்பில் இருக்கிறது. மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார். என் தொழில் உரிமை என்னாகும் என்பது பின்னர் தெரியவரும். பெட்டி போன அன்றைக்கு மனம் இலேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போகலாம் என்று இருந்தும், கடைத்தெரு வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன்.

உன் மாமனாருக்கும் ஒரு கடிதம் எழுதி, சத்தியக் கடதாசியின் பிரதியை அதில் வைத்திருக்கிறேன். உனக்கு இது கிடைத்து ஒரு நாள் கழித்து அவருக்குக் கிடைக்கும்படி தபாலில் சேர்ப்பேன். நீ போய் விளக்கம் சொல்லத் தேவையில்லை. விளக்கம் சொல்ல வேண்டியவன் நான். பொய்ச் சத்தியம் செய்த ஒருவனின் மகளை எடுக்க அவர்கள் தயங்கினால், அவர்களைக் குறை சொல்லாதே. உன்னையும் குறை சொல்லாதே. தயங்காவிட்டால், அவர்கள் உன்னைச் சங்குக்காக எடுக்கவில்லை என்பது உனக்கும் அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

எழுதக் கடினமானதைக் கடைசிக்கு விட்டுவிட்டேன். விசாரணைக்கு நீதிபதி குறித்த திகதி உன் கலியாண நாள். அவர் திகதியைச் சொன்னபோது நான் எழுந்து நின்றேன். வழக்கைத் தள்ளிவைக்க ஒரு தவணை கேட்பது எனக்கு மூச்சு விடுவதுபோல. கேட்கவில்லை. அழைப்புக் கட்டளையை நானே பூமணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திகதியைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"அண்டைக்கெல்லே பிள்ளையின்ர கலியாணம்?"

"ஓம்."

"திகதி மாத்தித் தரமாட்டினமோ?"

"கேட்டாத் தருவினம். இந்த நீதிபதி மாதக் கடைசியில மாற்றலாகிப் போறார். வாறவர் முதலிலயிருந்து தொடங்குவார். வருஷம் ஒண்டு போகும்."

"அப்ப கேளுங்கோ. நான் இருந்த இருப்புக்கு ஒரு வருஷம் என்ன, தகப்பன் இல்லாமல் பிள்ளைக்குத் தாரை வாக்கிறதே?"

அவள் அப்படிச் சொல்லாமல், பிடிவாதம் பிடித்திருந்தால், ஒருவேளை தவணை கேட்டிருப்பேன். எத்தனையோ ஏழைகளை நான் தவணையாலேயே களைக்கப்பண்ணித் தோற்கடித்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் கடைசியில் இந்தக் குரலில்தான் பேசினார்கள். உன் கலியாணத்துக்கு நான் வரமாட்டேன், மகளே. அம்மாவும் அவளுடைய தம்பியும் முந்தின நாள் ரயிலில் வருகிறார்கள். தாரை வார்த்துக் கொடுக்க உன் மாமாவிடம் கேட்டிருக்கிறேன், அழுதுகொண்டு சம்மதித்தான். இதற்கு உன் சம்மதத்தை நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சரி என்று எழுதுவாய். பிறகு இது நாம் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவாகிவிடும். இது என்னுடையது மட்டுமாக இருக்கட்டும். நீ என்னை மன்னிக்காமல் இருக்க உனக்கு முழு உரிமையும் வேண்டும்.

அன்று விசாரணை பகலுக்கு முன்னர் முடிந்துவிடும் என்று பதிவாளர் சொல்கிறார். இறக்கக்கண்டிப் பக்கம் போகும் பஸ் மூன்று மணிக்குத்தான். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் வந்து இருந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவாளா என்று பூமணியிடம் கேட்டேன். "கலியாண வீடெண்டாச் சாப்பிடத்தானே வேணும்" என்றாள். அம்மா கொழும்பில் நிற்பாள்; ஆகவே குசினியில் நான்தான் நிற்க வேண்டும். எனக்குச் சோறும் பருப்பும் மட்டுமே வைக்கத் தெரியும். கலியாணச் சமையலுக்கு இன்னும் என்னென்ன வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்; நீ மணவறையில் இருக்கும்போது அடுப்பு மூட்டி, நீதிமன்றத்துக்குப் போக முன்னர் பாயாசத்தையாவது இறக்கி மூடி வைத்துவிட்டுப் போவேன்.

உன் அப்பா